நிமலன் விற்ற அரிசிப் படி

பித்தளையைப் புளி போட்டுத் துலக்கியது நான் செய்த ஒரு தப்பு. அதைத் தப்பு என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஒரு பாத்திரம் வீட்டை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிறது என்றால் பளிச்சென்றுதானே போக வேண்டும்?

அந்தப் பாத்திரம் ஓர் அரிசிப் படி. அதை விற்றவன் என் தம்பி நிமலன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு லுணுகலை பஸாருக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். எனக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். நிமலன் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றுவான். மடுல்சீமைப் பக்கம் மூடிப்போன பக்டரி ஒன்றிலிருந்து லொறியில் வந்து இறங்கும் குப்பையைக் கிளறி, தேயிலைப் பெட்டியில் தோட்டத்துப் பெயரைப் பதிக்கும் தகடு, பங்களாக் கதவின் கைப்பிடி, உடைந்த தராசு என்று எதையாவது விலைக்கு வாங்கி வருவான். இணைய ஏலத்தில் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பான்.

அந்தக் குப்பைக்கு ஆள் இருந்தது. அறுபத்தொரு பொருள் விற்றிருந்தான். வாங்கிய அறுபத்தொரு பேரும் நல்லதாகவே எழுதியிருந்தார்கள். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் நூறு வீதம் என்று இருக்கும்.

"நான் நூத்துக்கு நூறு எடுத்த ஒரே பரீட்சை இதுதாங்க்கா," என்பான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் இரண்டு தரம் விழுந்தவன் அவன்.

அந்த நூறை அவன் சும்மா வாங்கவில்லை. பொருளில் உள்ள வெடிப்பைத்தான் முதல் படமாகப் போடுவான். நல்ல பக்கம் நாலாவது, ஐந்தாவது படத்தில்தான் வரும். பொதியைக் கட்டி, தராசில் வைத்துப் பார்த்த பிறகே தபால் செலவைச் சொல்லுவான். பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் ரிஸ்கா ஒரு நாள் அவனைச் சீண்டினாள். தராசும் இணைய இணைப்பும் அவள் கடையில்தான் இருந்தன.

"நிமலன், நானும் ஒரு பேர்ல ஏலத்துல பூந்து ரெண்டு தரம் வெலை கேட்டு ஏத்தி விடவா? யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ரெண்டு பேர் போதாதா?"

"பெரிய மகாத்மா. இதுல பழைய இரும்பு யாவாரம் வேற."

படி அவனுக்குக் கிடைத்தது பசறையில் ஓர் இரும்புக் கடையில். தோட்ட ஸ்டோரில் தொழிலாளருக்கு அரிசி அளந்து கொடுத்த பழைய பித்தளைப் படி. கறுத்து, விளிம்பில் பச்சை பிடித்திருந்தது. நிமலன் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னான். அடிப்பக்கம் உள்நோக்கிப் புடைத்திருந்தது. யாரோ வெளியிலிருந்து சுத்தியலால் தட்டி உயர்த்தியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களா? நிறைச்சுத் தலை தட்டிக் குடுத்தாலும் குறைச்சல்தான். எத்தனை வருசம் இதுல அளந்தாங்களோ."

மறுநாள் பிள்ளைக் காம்பராவிலிருந்து அளவுக் கோடு போட்ட பால் போத்தல் ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கினான். கடையிலிருந்து முத்திரை குத்திய நல்ல படி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, போத்தல் போத்தலாக அளந்து மூன்று தரம் எழுதினான். நூற்று நாற்பது மில்லி குறைவு. படம் எடுத்து, படியின் அளவை எழுதி, 'அடி தட்டப்பட்டுள்ளது, சரியான படியைவிட இவ்வளவு குறைவாகக் கொள்ளும்' என்றும் போட்டு ஏழு நாள் ஏலத்தில் விட்டான்.

மூன்றாம் நாள் நாங்கள் பதுளைக்குப் போன பஸ் பள்ளத்தில் இறங்கியது. எனக்கு இடது தோள் எலும்பு முறிந்தது. நிமலன் வீட்டுக்கு வரவில்லை. அந்த நாளைப் பற்றிப் பொலிசுக்கும் டொக்டர்மாருக்கும் வந்து போன எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டேன். இங்கே சொல்ல வந்தது வேறு.

அவனை எடுத்து அடக்கம் செய்து ஒரு வாரமான பிறகு ரிஸ்கா அவனுடைய போனோடு வந்தாள். திரை வெடித்திருந்தது, ஆனால் வேலை செய்தது. பஸ்ஸிலிருந்து கிடைத்த சாமான்களோடு பொலிஸ் கொடுத்ததை நான்தான் அவளிடம் சார்ஜ் போடக் கொடுத்திருந்தேன்.

"அக்கா, படி வித்துருச்சு."

"எந்தப் படி?"

"நிமலன் போட்ட படி. ஏலம் முடிஞ்சு நாலு நாளாச்சு. அளவைக் கருவி சேக்கிற ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர் எடுத்திருக்கார். காசும் கட்டிட்டார். எப்ப அனுப்புவீங்கன்னு ரெண்டு தரம் கேட்டு எழுதியிருக்கார்."

"அனுப்பலைன்னா?"

"காசைத் திருப்பிக் குடுப்பாங்க. கெட்ட மார்க் ஒண்ணு விழும். நூறு போயிரும்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எழுந்தேன். நிமலன் விட்டுப் போனதில் நான் காப்பாற்றக்கூடியதாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். என் கையால் அது கெடக் கூடாது.

"எழுது," என்றேன். "இந்த வாரம் அனுப்புறோம்னு எழுது."

"யார் பேர்ல எழுத? செத்தவங்க கணக்கை வேற ஆள் நடத்தக்கூடாதாம். கம்பனிக்குத் தெரிஞ்சா மூடிருவாங்க. நிமலன்னே போட்டுர்றேன், என்ன?"

சரி என்றேன். 'உடம்பு சரியில்லாமல் இருந்தேன். இந்த வாரம் அனுப்புகிறேன். நிமலன்.' இதுதான் என் முதல் தப்பு. அப்போது அது உதவியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் படியை மடியில் இடுக்கிக்கொண்டு முறியாத பக்கத்துக் கையால் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பொன் நிறத்துக்கு வந்துவிட்டது. துணியில் சுற்றி, பெருமையோடு ரிஸ்கா கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

அவள் படியைப் பார்த்தாள். போனில் நிமலன் எடுத்த படத்தைப் பார்த்தாள். மறுபடியும் படியைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ்! என்னக்கா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு, பொண்ணு வீட்டுக்குச் சீர் கொண்டுபோக. அந்த மனுசன் காசு குடுத்தது இந்தக் கறுப்புக்கு. பழசுன்னு காட்டுறதே அதுதான். படத்துல ஒண்ணு, பெட்டியில ஒண்ணுன்னா ஏமாத்துன்னுதான் நெனைப்பார்."

நான் படியை மறுபடி துணியால் மூடினேன். ரிஸ்கா என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பேசாம அனுப்பிருவோம். பொதியில வரக்குள்ள உரசிப் பளபளன்னு ஆயிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"உரசினா பளபளக்குமா ரிஸ்கா?"

"ஆஸ்திரேலியாவுல என்னவோ நடக்கும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நிமலன் போன பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. வெடிப்பை முதல் படமாகப் போடுகிறவன் என் தம்பி. துலக்கிய படியை நாலு பக்கமும் படம் எடுத்து, 'தெரியாமல் துலக்கிவிட்டேன், வேண்டாமென்றால் காசைத் திருப்பித் தருகிறேன்' என்று எழுதச் சொன்னேன். கீழே நிமலன் என்று போட்டோம்.

பதில் மறுநாளே வந்தது. கறுப்புப் போனது தனக்கு வருத்தம்தான் என்றும், ஆனால் அனுப்பும் முன் சொன்னதால் விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். குறைத்தோம். பொருளில் பிழை நடந்துவிட்டால் வாங்குகிறவர் கண்டுபிடிக்கும் முன் நாமே சொல்லிவிட வேண்டும் என்பதை நான் படித்தது அங்கேதான். இன்றுவரை அது என்னைக் கைவிடவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் மூன்றாவது தப்பைச் செய்தேன்.

பொதி கட்டப் படியைக் கையில் எடுத்தபோது மனம் ஒப்பவில்லை. எங்களில் வெறும் படியை யாரும் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்கு இரவல் படி திரும்பிப் போனாலும் அடியில் ஒரு பிடி அரிசியாவது கிடக்கும். நிமலனின் கையால் வந்து, கடல் தாண்டிப் போகிற படி இது. வெறுமையாக எப்படி விடுவது? அரிசி டின்னைத் திறந்து படி நிறையப் போட்டேன். டின்னில் எப்போதும் ஒரு படி அரிசி கொள்ளும் தகர டப்பா கிடக்கும், அதால் அளந்துதான் போட்டேன். டப்பாவில் இரண்டு பிடி மிஞ்சியது. நிமலன் தண்ணீரில் கண்டதை நான் அரிசியில் கண்டேன். மேலே ஒரு துண்டு மஞ்சளை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் வைத்து ஒட்டினேன். ரிஸ்காவிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தபால் கந்தோரில் பொதியின் நிறை நாங்கள் சொல்லியிருந்ததைவிட ஒரு கிலோ கூட இருந்தது. கூடுதல் காசை நான் கட்டினேன். சுங்கப் படிவத்தில் 'பித்தளைப் படி ஒன்று' என்றுதான் இருந்தது.

ஐந்து வாரம் கழித்து ரிஸ்கா பிள்ளைக் காம்பராவுக்கே வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு வருகிற ஆள் அல்ல அவள். தொட்டிலில் கிடந்த பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்த என்னிடம் போனை நீட்டினாள்.

"உள்ள என்ன வச்சீங்க?"

"அரிசி. ஒரு துண்டு மஞ்சள்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஆஸ்திரேலியாவுக்கு அரிசி! அக்கா, அந்த நாட்டுக்குள்ள செருப்புல மண்ணு ஒட்டியிருந்தாலே விட மாட்டாங்க. அதுவும் படிவத்துல எழுதாம. பொதியைப் புடிச்சு வச்சுட்டாங்க. அரிசியை எரிச்சு, படியைச் சுத்தம் பண்ணித்தான் குடுப்பாங்களாம். அந்தச் செலவை யாராச்சும் கட்டணும்."

"அவர் என்ன எழுதியிருக்கார்?"

அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அதை நான் மறக்கவில்லை. 'நிமலன், செலவை நீங்கள் கட்டினால் இதை இத்தோடு விட்டுவிடுகிறேன். நல்லதாகவே எழுதுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பெட்டிக்குள் பொருளைத் தவிர விதை, இலை, வைக்கோல் எதையும் வைக்க மாட்டேன் என்று உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்களே எழுதியதை நீங்களே மறந்தால், அளவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் எப்படி நம்புவது?'

நிமலன் தன் பக்கத்தின் கீழே எழுதி வைத்திருந்ததை நான் கடைசிவரை படித்திருக்கவில்லை. பொருளின் படங்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆறேழு வரி. அத்தனையும் நான் செய்த தப்புகளை முன்கூட்டியே தடுக்க எழுதியது போலவே இருந்தது.

ரிஸ்கா ஆறுதலாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க. நல்ல மனுசன்தான். செலவைக் கட்டிருவோம். 'காய்ச்சல்ல மறந்துட்டேன், மன்னிச்சிருங்க, நிமலன்'னு ஒரு வரி. நூறு அப்பிடியே நிக்கும்."

அது உண்மைதான். ஒரே ஒரு வரி போதும். நூறு நிற்கும். ஆனால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு மனிதர் என் தம்பியை வாய்ச்சொல் தவறுகிறவன் என்று நினைத்துக்கொண்டிருப்பார். மூன்று தரம் தண்ணீர் ஊற்றி அளந்தவனை. நான் காப்பாற்ற எழுந்தது எதை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"ரிஸ்கா, இனிமே நிமலன்னு எழுதாத."

"பைத்தியமா ஒங்களுக்கு? உண்மையைச் சொன்னா இந்தக் கணக்கைப் பொறகு வச்சிருக்க ஏலாது. மூடினா நூறையும் யாரும் பாக்க மாட்டாங்க, அறுபத்தொண்ணையும் பாக்க மாட்டாங்க."

"பாக்காட்டிப் போகட்டும். துலக்கினது நான். அரிசி போட்டது நான். பழி மட்டும் ஏன் அவனுக்கு?"

"எழுதினது நான்," என்றாள் அவள், மெதுவாக.

"சரி, ஒனக்கும் ஒரு பங்கு வச்சுக்க."

தொட்டில் பிள்ளை முழித்து அழத் தொடங்கியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நான் சொல்லச் சொல்ல ரிஸ்கா எழுதினாள்.

'என் பெயர் ரெங்கம்மா. நிமலன் என் தம்பி. படியை உங்களுக்கு விற்றவன் அவன். ஏலம் முடியும் முன்பே இறந்துவிட்டான். அவன் பெயரில் உங்களுக்கு எழுதி வந்தது நான். துலக்கியதும் அரிசி வைத்ததும் நான். எங்கள் ஆட்கள் படியை வெறுமையாகக் கொடுப்பதில்லை. அது எங்கள் வழக்கம். உங்கள் நாட்டுச் சட்டத்தை நான் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும். செலவு முழுவதும் என்னுடையது. நீங்கள் கெட்டதாக எழுதினாலும் அது நியாயம்தான். ஆனால் அளவைப் பற்றி அவன் எழுதியது அவனே அளந்து எழுதியது. படி கைக்கு வந்ததும் நீங்களும் அளந்து பாருங்கள்.'

எழுதி முடித்ததும் ரிஸ்கா முதலிலிருந்து ஒரு தரம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள்.

பத்து நாள் பதில் இல்லை. செலவைக் கட்டினோம். வேலைக்குப் போனேன், வந்தேன். இறங்கும் வழியில் ரிஸ்கா கடையை எட்டிப் பார்ப்பேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள், இல்லை என்று.

பதினோராம் நாள் அவள் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கடையில் இரண்டு பேர் அடையாள அட்டைக்குக் கொப்பி எடுக்க நின்றார்கள். அவர்களை நிற்க வைத்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். அவர் எனக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை. அனுதாபம் சொல்லவில்லை. வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நிமலனின் பக்கத்தில், அறுபத்தொன்றுக்கு மேலே அறுபத்திரண்டாவதாக எழுதியிருந்தார்.

'தண்ணீர் ஊற்றி அளந்தேன். எழுதியிருந்த அளவுதான், ஒரு மில்லிகூட மாற்றமில்லை. நிமலன் எழுதியது முழுக்கச் சரி.'

பக்கத்தில் பச்சை நூறு.

"இன்னொரு தரம் படி," என்றேன். கொப்பிக்கு நின்றவர்களில் ஒருவர், "எங்களுக்குப் பஸ் போயிரும் தங்கச்சி," என்றார். ரிஸ்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு தரம் படித்தாள்.

அன்றே கம்பனிக்கு எழுதினோம், கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று. இறப்புச் சான்றிதழின் கொப்பியைக் கேட்டார்கள். ரிஸ்கா அதற்குக் காசு வாங்கவில்லை. இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரைத் தேடினால் அப்படி ஒருவர் இல்லை என்று வருகிறது. அது எனக்கு நோகவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மூடப்பட்ட அன்று அதில் பொய் எதுவும் மிச்சம் இல்லை.

பிறகு ரெங்கம்மா என்ற பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் பூச்சியம். நிமலன் அறையில் இன்னும் பதினேழு பொருள் இருந்தது. முதலில் விலை குறைந்ததை, உடைய முடியாததைப் போட்டேன். பூச்சியத்தை வைத்துக்கொண்டு பெரிய பொருளைப் போட்டால் யாரும் நம்பிக் கேட்க மாட்டார்கள். ஒரு ஏலத்தைப் பஞ்சாங்கம் பார்த்து விடிகாலை நல்ல நேரத்தில் முடிய வைத்தேன். அந்த நேரம் இங்கிலாந்தில் எல்லாரும் தூக்கம். தேயிலைப் பெட்டித் தகடு ஒன்று ஒரு கோப்பை பிளேன்டி விலைக்குப் போனது. இப்போது அவர்கள் இரவுச் சாப்பாடு முடித்து உட்காரும் நேரத்துக்கு முடிய வைக்கிறேன். நல்ல நேரம் வாங்குகிறவருடையது. தபாலுக்குக் கொடுக்கும் முன் அந்த நாட்டில் எதை விடுவார்கள், எதை விட மாட்டார்கள் என்று பார்க்கிறேன். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எதையும் துலக்குவதில்லை. தூசியை மட்டும் தட்டுவேன்.

பாத்திரம் ஏதாவது விற்றால் மட்டும் பொதி கட்டும் முன் அதை வீட்டில் அரிசியால் நிரப்பி மேசையில் வைக்கிறேன். ஒரு பிளேன்டி குடித்து முடிக்கிற நேரம். பிறகு அரிசியை டின்னிலேயே கொட்டிவிட்டு, உலர்ந்த துணியால் ஓர் அரிசி மணிகூட இல்லாமல் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிறேன். ரிஸ்கா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னக்கா, அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா?"

"நீ ஒன் வேலையைப் பார்."

நிமலனின் பதினேழும் முடிந்து, நானே இரும்புக் கடைகளில் தேடி வாங்கியதும் சேர்த்து இதுவரை நாற்பத்திரண்டு விற்றிருக்கிறேன். நாற்பத்தொன்று நல்லது, ஒன்று கெட்டது. தேநீர்க் கேத்தல் ஒன்றின் மூடியில் உட்பக்கம் இருந்த சிறு உடைவை நான் படத்தில் காட்டவில்லை. லீட்ஸில் இருக்கும் ஒரு அம்மா அதைக் கண்டுபிடித்துக் கோபமாக எழுதிவிட்டார். காசில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது என் பெயருக்குப் பக்கத்தில் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு நிற்கிறது.

"காசுதான் குடுத்தாச்சே. அதை எடுத்துருங்கன்னு அந்தம்மாவைக் கேப்போமா? தன்மையாக் கேட்டா எடுத்துருவாங்க," என்றாள் ரிஸ்கா போன கிழமை. "திரும்ப நூறு வந்துரும்."

"வேணாம்," என்றேன். "அந்தம்மா எழுதினது சரி."